வாசகர் கேள்வி – பதில்: கடுகு வயலும் துணைவேந்தர் நாற்காலியும்

சென்ற இதழில், மரபணு மாற்றக் கடுகு வழக்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு நான்கைந்து வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த வரிகளில், அந்தக் கடுகை உருவாக்கிய டெல்லி விஞ்ஞானி தீபக் பென்டலின் பெயர் ஒரே ஒருமுறை வந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். ஆகவே பக்கம் முழுவதையும் அவருக்கும் அவருடைய கடுகுக்குமே ஒதுக்கிவிட்டேன். மற்ற கேள்விகளுக்குரியவர்கள் ஓர் இதழ் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தீபக் பென்டல் அடிப்படையில் ஆராய்ச்சியாளரா, நிர்வாகியா? எங்கே படித்தார், எப்படி டெல்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார்?
– முதுகலைத் தாவரவியல் மாணவி, திருச்சி

ஆராய்ச்சியாளர்தான். நிர்வாகம் இடையில் வந்து சேர்ந்தது.

சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்துவிட்டு, அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்து அவர் போய்ச் சேர்ந்த இடம் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம். தாவரத் திசு வளர்ப்பைப் பாடமாகப் படிக்கும் உங்களுக்கு அந்த ஊரின் பெயரைச் சொன்னாலே எட்வர்ட் காக்கிங் நினைவுக்கு வருவார். தாவரச் செல்லின் சுவரை நொதியால் கரைத்துவிட்டு உள்ளிருக்கும் உயிருள்ள பகுதியை, அதாவது புரோட்டோபிளாஸ்ட்டை, சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியும் என்று 1960இல் காட்டியவர் அவர். சுவர் போய்விட்டால் இரண்டு வேறு செடிகளின் செல்களை ஒன்றோடொன்று இணைத்துவிடலாம். இயற்கையில் ஒருபோதும் கலக்காத செடிகளையும் கலக்கலாம் என்ற பெரிய நம்பிக்கை 1970களில் இருந்தது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்தது. ஆனால் அந்த ஆய்வகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கைப்பழக்கம் மிஞ்சியது. ஒற்றைச் செல்லிலிருந்து முழுச் செடியை மீட்டு வளர்க்கும் பழக்கம் அது. 1980களில் மரபணுவைச் செடிக்குள் செலுத்தும் முறைகள் வந்தபோது, உடனே பயன்பட்டது அந்தப் பழக்கம்தான். செலுத்திய மரபணு ஒரு செல்லில் மட்டும் இருந்து என்ன பயன்? அந்தச் செல் செடியாக வேண்டுமே.

1980களின் நடுப்பகுதியில் இந்தியா திரும்பிய பென்டல், முதலில் டெல்லியில் டெரி என்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் கடுகு ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1993இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகத்தில் மரபியல் பேராசிரியரானார். அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தாவரவியலில் ஒரு பரம்பரை உண்டு. பஞ்சானன் மகேசுவரி வளர்த்த கருவியல் துறை அது. 1964இல் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேசுவரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்ப்பூடகத்தில் இட்டு, மகரந்தத்திலிருந்தே ஒற்றைமடியக் கருக்களை, அதாவது ஒரே ஒரு குரோமோசோம் தொகுதி கொண்ட கருக்களை, உண்டாக்கிக் காட்டியதும் அங்கேதான். இன்று உலகமெங்கும் பயிர் வளர்ப்பாளர்கள் தூய வரிசைகளை ஓரிரு ஆண்டுகளில் உருவாக்கக் கையாளும் இரட்டித்த ஒற்றைமடிய முறையின் (அந்த ஒற்றைத் தொகுதியை இரட்டிப்பாக்கும் முறையின்) வேர் அந்த ஊமத்தையில் இருக்கிறது; கடுகும் அதற்கு விலக்கல்ல.

தெற்கு வளாகத்தின் இயக்குநராகச் சுமார் ஐந்தாண்டுகள் இருந்துவிட்டு, 2005இல் துணைவேந்தரானார். 2010 வரை அப்பொறுப்பில் இருந்தார். அதன் பிறகு மீண்டும் கடுகுக்கே திரும்பினார். துணைவேந்தர் பதவிக்குப் பின் ஆளுநர் மாளிகையையோ ஆணையங்களையோ நோக்கிப் போவது வழக்கமாகிவிட்ட நாட்டில், ஆய்வகத்துக்குத் திரும்பியவரை எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

மக்காச்சோளத்திலும் சூரியகாந்தியிலும் வீரிய ஒட்டு ரகம் நாங்கள் எப்போதோ பார்த்துவிட்டோம். கடுகில் மட்டும் அதை உண்டாக்குவது ஏன் இவ்வளவு பெரிய காரியமாகப் பேசப்படுகிறது?
– விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

நீங்கள் கேட்டிருப்பதுதான் இந்த விவகாரத்தின் நடுநரம்பு. இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மக்காச்சோளத்தில் ஆண் பூங்கொத்து உச்சியில் இருக்கிறது, கதிர் தண்டின் நடுவில் இருக்கிறது. தாய் வரிசையில் ஆண் பூங்கொத்தை ஒடித்துப் போட்டுவிட்டால், பக்கத்து வரிசையின் மகரந்தம்தான் அதில் விழும். விதை முழுவதும் கலப்பின விதை. பருத்தியில் பூவை ஒவ்வொன்றாகக் கையால் பிரித்து மகரந்தப்பையை நீக்கி, மறுநாள் வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவுகிறார்கள். கூலி அதிகமானாலும், பருத்தி விதையின் விலை அதைத் தாங்குகிறது. கடுகுப் பூவோ சிறியது. அதற்குள்ளேயே ஆணும் பெண்ணும் இருக்கின்றன, பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்கிறது. ஒரு காய்க்குப் பத்துப் பதினைந்து விதைதான். கிலோவுக்கு இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் கொண்ட ஒரு பயிரில், கையால் மகரந்தம் நீக்கி விதை உற்பத்தி செய்வது நடக்கிற காரியமல்ல. ஆகவே, தாய்ச் செடி தானாகவே மகரந்தம் உண்டாக்காதபடி ஆண்மலடாக இருக்க வேண்டும். அப்படி மலடான தாயிடமிருந்து பெற்ற விதையை உங்களைப் போன்ற விவசாயி விதைத்தால், அந்தச் செடியிலோ மலட்டுத்தன்மை நீங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வயலில் காயே பிடிக்காது. தாயில் மலடு, சேயில் மலடு நீக்கம் என்ற இரண்டும் ஒருசேர அமைய வேண்டும் என்பதுதான் சிக்கல்.

இதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. எந்த இரண்டு ரகங்களைக் கலந்தால் விளைச்சல் கூடும்? பொதுவாக, ஒன்றுக்கொன்று தூரத்து உறவான பெற்றோர்களைக் கலந்தால்தான் கலப்பின வீரியம், அதாவது பெற்றோரை விஞ்சும் வளர்ச்சி, எழும். இந்தியக் கடுகு ரகங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே குடும்பத்தவை. அவற்றுக்குள்ளேயே கலந்து பார்த்ததில் பெரிய பலன் இல்லை. கிழக்கு ஐரோப்பாவில் பயிராகும் அதே இனக் கடுகு வேறு குடும்பம். இந்திய ரகத்தையும் கிழக்கு ஐரோப்பிய ரகத்தையும் கலந்தால் குறிப்பிடத்தக்க வீரியம் வருகிறது என்பதை பென்டலும் அட்சய குமார் பிரதானும் உள்ளிட்ட குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். என் கணிப்பில் பென்டலின் ஆராய்ச்சி வாழ்க்கையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்பு இதுதான். இதில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. வயலில் செடிகளைக் கலந்து, காய்களையும் விதைகளையும் எண்ணி, எடைபோட்டுக் கண்டது. பின்னால் வந்த பாக்டீரிய மரபணுக்கள் எல்லாம், இப்படிக் கண்ட வீரியத்தை மூட்டை மூட்டையாக விதையாக்க உதவும் கருவிகள் மட்டுமே. விவாதமோ முழுக்க முழுக்க அந்தக் கருவியைப் பற்றியே நடக்கிறது.

கடுகுக்குள் பாக்டீரியாவின் நஞ்சை வைத்துவிட்டார்கள் என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?
– உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டதுதான் அந்தச் செய்தியின் குறை.

பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற மண் பாக்டீரியா, பார்னேஸ் என்ற நொதியை வெளியிடுகிறது. மரபணுவின் செய்தியைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் ஆர்.என்.ஏ.வை அது வெட்டித் தள்ளும். வெளியிடுவதற்கு முன் தன்னையே அது அழித்துவிடாதிருக்க, அதே பாக்டீரியா பார்ஸ்டார் என்ற புரதத்தையும் தயாரிக்கிறது. பார்ஸ்டார் பார்னேஸை ஒன்றுக்கு ஒன்றாக இறுகப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். இந்த இணையைப் பயிர்க் கலப்புக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனை டெல்லியில் பிறந்ததல்ல. பெல்ஜியத்தின் கென்ட் நகரில் இயங்கிய பிளான்ட் ஜெனட்டிக் சிஸ்டம்ஸ் நிறுவனத்தாரும் அமெரிக்க ஆய்வாளர்களும் 1990இல் பார்னேஸையும் 1992இல் பார்ஸ்டாரையும் வைத்து அதைச் செய்து காட்டினார்கள். மகரந்தப்பைக்குள் டபீட்டம் என்ற ஊட்டத் திசு இருக்கிறது. வளரும் மகரந்தத்துக்கு உணவு தருவது அதுதான். அந்தத் திசுவில் மட்டும் இயங்கும் ஒரு புகையிலை மரபணுவின் இயக்குபகுதியை (மரபணு எங்கே, எப்போது வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதியை) பார்னேஸுக்கு முன்னால் பொருத்தினால், டபீட்டம் மட்டும் அழியும், மகரந்தம் உருவாகாது, செடியின் மற்ற உறுப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. தாய்ச் செடி இப்படி மலடாகிறது. தந்தைச் செடியில் பார்ஸ்டார் இருக்கிறது. இரண்டும் கலந்து பிறக்கும் கலப்பினத்தில் பார்ஸ்டார் பார்னேஸைப் பிடித்துவைக்க, மகரந்தம் வழக்கம்போல் உருவாகிறது.

மூன்றாவதாக, பார் என்ற மரபணுவும் உண்டு. அது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற வேறொரு பாக்டீரியாவிலிருந்து வந்தது. குளூஃபோசினேட் என்ற களைக்கொல்லியைச் செடி தாங்கிக்கொள்ளச் செய்யும். இது ஏன் தேவைப்பட்டது? மலட்டுத் தாய்ச் செடிக்குத் தன் இனத்தைத் தானே பெருக்க முடியாது. சாதாரணச் செடியின் மகரந்தத்தால்தான் அதைப் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கினால் பிறப்பதில் பாதி மலடு, பாதி மலடற்றது. விதை உற்பத்தி வயலில் மலடற்ற பாதியைப் பிடுங்கி எறிந்தாக வேண்டும். களைக்கொல்லியைத் தெளித்தால், பார் மரபணு இல்லாத அந்தப் பாதி கருகிவிடும். கையால் செய்ய வேண்டியதைத் தெளிப்பான் செய்துவிடுகிறது. ஆனால் அதே மரபணு, விவசாயி வாங்கும் கலப்பின விதையிலும் தங்கிவிடுகிறது. எதிர்ப்பாளர்கள் மிக வலுவாகப் பிடித்த இடம் இதுதான். 'விதை உற்பத்திக்கு மட்டும்' என்று காகிதத்தில் எழுதலாம். களை எடுக்க ஆள் கிடைக்காத ஊரில் விவசாயி தன் வயலிலும் தெளிக்கமாட்டார் என்று யார் உறுதி தர முடியும் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப வல்லுநர் குழுவின் பெரும்பான்மையினரும் 2013 அறிக்கையில், களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் இந்தியச் சூழலுக்கு ஒவ்வாதவை என்றே கருதினார்கள்.

நீங்கள் வகுப்பில் சொல்வதற்கு ஒரு நுணுக்கத்தையும் சேர்க்கிறேன். பார் மரபணுவை எந்நேரமும் இயக்கிவைக்கும் வலிமையான இயக்குபகுதி, பக்கத்தில் இருக்கும் பார்னேஸையும் சீண்டிவிடுவதால், மகரந்தப்பையில் மட்டும் இயங்க வேண்டிய பார்னேஸ் இலையிலும் தண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, செடிகள் கோணல்மாணலாக வளர்ந்தன. டெல்லிக் குழு, இரண்டு மரபணுக்களுக்கும் நடுவில் ஓர் இடைவெளி டி.என்.ஏ.வைச் செருகியது. சண்டைபோடும் இரண்டு மாணவர்களுக்கு நடுவில் மூன்றாவது மாணவனை உட்காரவைப்பது போலத்தான். அதன் பிறகு பயன்படுத்தத்தக்க மலட்டு வரிசைகள் கணிசமாகக் கிடைத்தன. பார்ஸ்டார் மரபணுவின் எழுத்துகளையும் தாவரத்துக்கு ஏற்றபடி மாற்றி எழுதினார்கள். 2001இலும் 2002இலும் வெளியான இந்த ஆய்வுகளே, அந்தப் பெல்ஜிய யோசனை கடுகில் ஓடும்படி செய்தவை.

அப்படியானால் இது அந்நிய நிறுவனத்தின் தொழில்நுட்பம்தானே? உள்நாட்டுத் தயாரிப்பு என்று ஏன் பெருமைப்படுகிறார்கள்?
– வாசகர், மதுரை

யோசனை அந்நியமானது, அதைக் கடுகுக்குப் பொருத்திய உழைப்பு உள்நாட்டினது. பிளான்ட் ஜெனட்டிக் சிஸ்டம்ஸ் பின்னர் கைமாறிக் கைமாறிப் பேயர் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அந்த மரபுவழியில் வந்த ப்ரோஅக்ரோ நிறுவனத்தின் மரபணு மாற்றக் கடுகு, 2002இல், மரபணு மாற்றப் பயிர்களுக்கு அனுமதி தரும் மத்திய ஒழுங்குமுறைக் குழுவிடம் அனுமதி பெறாமல் நின்றுபோனது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கடுகுக்குப் பணம் கொடுத்தவை மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும். பால் வாரியத்துக்குக் கடுகில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 'தாரா' என்ற சமையல் எண்ணெய் அதனுடையது. அதனால்தான் ரகத்தின் பெயரே 'தாரா மஸ்டர்ட் ஹைப்ரிட்', சுருக்கமாக டி.எம்.எச்-11. தெற்கு வளாகத்தில் பயிர்களின் மரபணு மாற்றத்துக்கான தனி மையம் ஒன்றை பென்டல் நிறுவினார். அனுமதிக்கான விண்ணப்பம் 2015இல் அந்த மையத்தின் பெயரில்தான் போனது.

ஒரு பொதுப் பல்கலைக்கழகம், மக்கள் பணத்தில், உணவுப் பயிர் ஒன்றை ஆய்வகத்திலிருந்து வயலின் விளிம்பு வரை கொண்டுவந்தது இந்தியாவில் அரிது. அதற்காகவே அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 'கம்பெனிக் கடுகு' என்று சொல்லித் தள்ளிவிடுவதும் சரியல்ல.

நம் வீட்டில் கடுகு தாளிக்க மட்டும்தான். கடுகு எண்ணெய் உண்ணாத தமிழ்நாட்டுக்கு இதில் என்ன அக்கறை?
– இல்லத்தரசி, சென்னை

ரேஷன் கடையில் 25 ரூபாய்க்குப் பாமாயில் பாக்கெட் வாங்குகிறோம் அல்லவா? அது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதிதான். ராஜஸ்தானிலும் ஹரியானாவிலும் மத்தியப் பிரதேசத்திலும் கடுகு ஹெக்டேருக்கு எவ்வளவு விளைகிறது என்பது அந்தக் கணக்கோடு இணைந்தது.

28 சதவீத விளைச்சல் கூடுதல் என்கிறார்களே, நம்பலாமா?
– ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், புதுச்சேரி

எண் சரி. எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வருணா என்ற தேசிய ஒப்பீட்டு ரகத்தைவிட ஏறத்தாழ 28 சதவீதமும், வட்டார ஒப்பீட்டு ரகங்களைவிட ஏறத்தாழ 37 சதவீதமும் டி.எம்.எச்-11 கூடுதலாக விளைந்தது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கூறியிருக்கிறது. வருணா 1970களில் வெளியான ரகம். டி.எம்.எச்-11இன் தாய் வரிசையும் வருணாவே. தந்தை, சீக்கிரம் பூக்கும் கிழக்கு ஐரோப்பிய வழியைச் சேர்ந்த 'அர்லி ஹீரா-2'. பெற்ற தாயைவிடப் பிள்ளை உயரம் என்பது கலப்பின வீரியத்தைக் காட்டப் பொருத்தமான ஒப்பீடு; சந்தையில் இன்று இருக்கும் ரகங்களைவிடச் சிறந்ததா என்பதைக் காட்ட அது போதாது. உயிரணுக் குழைம ஆண்மலட்டு முறையில் (செல்லின் குழைமத்தில் இருக்கும் மலட்டுத்தன்மையைப் பயன்படுத்தும் முறையில்), மரபணு மாற்றமே இல்லாமல் உருவான கடுகுக் கலப்பினங்கள் ஏற்கெனவே விற்பனையில் இருக்கின்றன. அவற்றில் டி.எம்.எச்-1 என்பது பென்டல் குழுவே தந்தது! விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது, அவருடைய முதல் பிள்ளையையே இரண்டாம் பிள்ளைக்கு எதிர்ச்சாட்சியாக நிறுத்துகிறார்கள்.

அவர் தரப்பின் பதில், பார்னேஸ்–பார்ஸ்டார் முறையின் பலம் இந்த ஒரு ரகத்தில் இல்லை என்பது. ஒருமுறை நல்ல மலட்டு வரிசையும், அந்த மலட்டை நீக்கும் மீட்பு வரிசையும் கையில் கிடைத்துவிட்டால், அந்த மரபணுக்களை எந்தப் புதிய பெற்றோருக்கும் மாற்றி, மேலும் மேலும் நல்ல கலப்பினங்களை உண்டாக்கலாம், டி.எம்.எச்-11 முதல் படி மட்டுமே. வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் படிக்கட்டுக்கு அனுமதி வேண்டுமானால் அப்படிச் சொல்லியே கேட்டிருக்கலாம். முதல் படியையே மாடி என்று அரசு விளம்பரப்படுத்தியதால்தான் 28 என்ற எண் இவ்வளவு அடிபட்டது. தற்கால ரகங்களோடு வைத்து, பல ஊர்களில், வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வழக்கமான போட்டிச் சோதனையில் அதை நிறுத்தியிருந்தால் இந்தச் சர்ச்சையில் பாதி எழுந்திராது என்பது என் கருத்து.

துணைவேந்தராக அவர் எப்படி? என் மகள் அப்போது டெல்லியில் படித்தாள். ஒரே போராட்டமாக இருந்தது என்பாள்.
– வாசகர், சேலம்

உங்கள் மகள் சொன்னது சரியே. ஏறக்குறைய எண்பது கல்லூரிகளைக் கொண்ட பல்கலைக்கழகம் அது. யார் அந்த நாற்காலியில் அமர்ந்தாலும் போராட்டம் இருக்கும். அவர் காலத்தில் மூன்று காரியங்கள் பெரியவை.

முதலாவது, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான 27 சதவீத இட ஒதுக்கீடு. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2008 ஏப்ரலில் ஏற்றுக்கொண்ட பிறகு, பொதுப்பிரிவு இடங்கள் குறையாதபடி மொத்த இடங்களைக் கூட்டி, படிப்படியாக நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது. வகுப்பறையும் ஆசிரியரும் விடுதியும் அதே வேகத்தில் கூடவில்லை. இட ஒதுக்கீட்டில் பல பத்தாண்டு அனுபவம் உள்ள நமக்கு அது சாதாரணமாகத் தோன்றலாம். டெல்லிக் கல்லூரிகளுக்கு அது புதிய ஏற்பாடு.

இரண்டாவது, பருவத் தேர்வு முறை. ஆண்டுத் தேர்வையே பின்பற்றிவந்த இளங்கலைப் படிப்புகளை செமஸ்டருக்கு மாற்ற அவர் முடிவு செய்தார். 2010இல் அறிவியல் பாடங்களில் தொடங்கியது. அடுத்த ஆண்டு மற்ற பாடங்களுக்கும் பரவியது. ஆசிரியர் சங்கம் கடுமையாக எதிர்த்தது; விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஆண்டு முழுவதற்குமான பாடத்திட்டத்தை நடுவில் வெட்டி இரண்டாக்குவது பாடத்திட்டச் சீர்திருத்தம் ஆகாது என்பது ஆசிரியர்களின் வாதம். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் செமஸ்டர் பழகிப்போன நான், மாற்றம் தவறு என்று சொல்ல மாட்டேன். அதைச் செய்த விதத்தில் ஆய்வகத்துக்காரரின் அவசரம் தெரிந்தது. சோதனையின் வடிவமைப்பைத் தலைவர் முடிவு செய்தால் ஆய்வகம் பின்பற்றும். பல்கலைக்கழகத்தில் துறைக்குத் துறை, கல்லூரிக்குக் கல்லூரி பேசித் தீர்த்தாக வேண்டும். கடுகில் இருபது ஆண்டு பொறுமை காட்டியவர் ஆசிரியர்களிடம் இரண்டாண்டுப் பொறுமை காட்டவில்லை.

மூன்றாவது, துயரமான நிகழ்வு. வேதியியல் துறையில் 1985 முதல் பயன்படுத்தப்படாமல் கிடந்த ஒரு காமாக் கதிர்க் கருவி, 2010 பிப்ரவரியில் பழைய பொருள்களோடு ஏலம் விடப்பட்டது. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. மேற்கு டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், ஒருவர் இறந்தார். துணைவேந்தர் என்ற முறையில் பென்டல் தார்மிகப் பொறுப்பை ஏற்று மன்னிப்புக் கேட்டார். கருவியை வாங்கியதும் மூலையில் போட்டதும் அவர் காலத்துக்கு முந்தியவை. ஆனால் ஏலத்தில் விட்டது அவர் தலைமையில் இருந்த பல்கலைக்கழகம். உயிரியல் பாதுகாப்பு விதிகளைப் பக்கம் பக்கமாக நிரப்பிக்கொண்டிருந்த ஒரு விஞ்ஞானியின் ஆட்சியில், அடுத்த கட்டடத்துக் கதிரியக்கப் பொருளுக்கு ஒரு பதிவேடு இல்லாமல் போனது கசப்பான முரண்.

அந்த ஆண்டு இறுதியில் காமன்வெல்த் விளையாட்டின் ரக்பிப் போட்டிகள் பல்கலைக்கழக மைதானத்தில் நடந்தன. அவருடைய பதவிக்காலமும் முடிந்தது. அதே குளிர்காலத்தில், ராஜஸ்தானின் கும்ஹேர், நவ்காவ், ஸ்ரீகங்காநகர் ஆகிய இடங்களில் டி.எம்.எச்-11இன் முதற்கட்ட உயிரியல் பாதுகாப்பு வயல் சோதனைகள் தொடங்கின.

எங்கள் பல்கலைக்கழகத்தின் பிடி கத்தரிக்காய்க்கு நேர்ந்ததும் இதுவும் ஒன்றுதானா? கடுகு இப்போது எந்த நிலையில் இருக்கிறது?
– வேளாண் மாணவர், கோயம்புத்தூர்

முடிவு ஒன்றுபோல் தோன்றினாலும் தடுத்தவர்கள் வேறு. பிடி கத்தரிக்காயில், புழுவைத் தாக்குப்பிடிக்க உதவும் மாஹிகோ விதை நிறுவனத்தின் மரபணுவை, உங்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தன் சொந்தக் கத்தரி ரகங்களில் ஏற்றியிருந்தது. 2009 அக்டோபரில் ஒழுங்குமுறைக் குழு அனுமதித்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கருத்துக் கேட்டுவிட்டு (அவற்றில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றும் இல்லை), 2010 பிப்ரவரி 9ஆம் நாள் காலவரையற்ற நிறுத்தம் அறிவித்தார். அங்கே தடுத்தவர் அமைச்சர். வங்கதேசம் 2014இல் அதே கத்தரியை விவசாயிகளிடம் கொடுத்துவிட்டது.

கடுகின் கதை நீளமானது. 2017 மே மாதத்தில் ஒழுங்குமுறைக் குழு பரிந்துரைத்தது. அமைச்சகம் கையெழுத்திடாமல் வைத்துக்கொண்டது. 2022 அக்டோபர் 18இல் குழு மீண்டும் பரிந்துரைக்க, 25ஆம் நாள் அமைச்சகம் அனுமதிக் கடிதம் வழங்கியது. நான்கு ஆண்டுக்கான அந்த அனுமதியில், விவசாயியின் வயலில் களைக்கொல்லி தெளிக்கக் கூடாது, தேனீக்கள் மீதான விளைவை வெளியீட்டுக்குப் பின் ஆராய வேண்டும் என்பவை நிபந்தனைகள். தேனீ ஆராய்ச்சியை வெளியீட்டுக்கு முன்பே முடித்திருக்க வேண்டும் என்பதை ஒரு மாணவராக நீங்களே உணர்வீர்கள். அந்தப் பருவத்தில் சில ஆராய்ச்சிப் பண்ணைகளில் விதை ஊன்றியும் விட்டார்கள். எதிர்ப்பாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நவம்பர் தொடக்கத்தில், இருக்கும் நிலையே தொடரட்டும் என்றது. 2024 ஜூலை 23இல் வந்த தீர்ப்பு இரண்டாகப் பிரிந்தது. அனுமதி செல்லாது என்றார் நீதிபதி பி.வி. நாகரத்னா, செல்லும் என்றார் நீதிபதி சஞ்சய் கரோல். மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தேசியக் கொள்கை ஒன்று வகுக்கப்பட வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள். வேறொரு அமர்வு கேட்பதற்காக விவகாரம் தலைமை நீதிபதியிடம் அனுப்பப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் அவர் ஆராய்ச்சி செய்கிறாரா?
– அஞ்சலட்டை, பெயர் ஊர் இல்லை

2021இல் அவரும் குழுவினரும் இந்தியக் கடுகின் முழு மரபணுத் தொகுதியைக் குரோமோசோம் அளவில் வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். கடுகு ஒரு கூட்டுக் குடும்பம். 10 இணைக் குரோமோசோம்கள் ஒரு மூதாதையிடமிருந்தும், 8 இணை கருங்கடுகிடமிருந்தும் வந்து, 18 இணைகளாக ஒரே செல்லில் வாழ்கின்றன. எந்தக் குரோமோசோம் எந்த மூதாதையினுடையது, எங்கே இடம் மாறியது என்று அந்த வரைபடம் காட்டுகிறது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட ரகம், மேலே சொன்ன அதே வருணா. இந்த ஆய்வுக்கு எந்த நீதிமன்றத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை.